புது டிரைவர் வாங்கலாமா?

"அண்ணா, ஒரு புது டிரைவர் வாங்கணும். நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டாப் போதும்."

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருத் தம்பி ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் மனுவை நீட்டியபடி இப்படிச் சொன்னார். அடுப்படியில் இருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். தம்பி கார் வாங்கிவிட்டாரோ, அதை ஓட்ட ஆள் தேடுகிறாரோ என்று அவளுக்கு எண்ணம். டிரைவரை வேலைக்கு வைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். விலை கொடுத்து வாங்குவது எப்படி?

அவர் கேட்டது கோல்ப் மட்டையை. பந்தை முதன்முதலில் வெகுதூரம் அடித்து விடுவதற்கென்று ஒரு நீண்ட மட்டை உண்டு. அதற்குப் பெயர்தான் டிரைவர். புது மாடல் ஒன்றின் விலை ரூ.60 ஆயிரம்.

தம்பி பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் ஒரு மைதானத்தில் கேடியாக இருக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் பெயர் உள்ளவன். கோல்ப் மைதானத்தில் அப்படி அல்ல. ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு, காற்று எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம், எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே கூட நடப்பவர். நேர்மையான பிழைப்பு. பெயர்தான் வாய்க்கவில்லை.

"நமக்கும் கோல்புக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். பெங்களூர் கோல்ப் கிளப் 1876-ல் தொடங்கியது. அது வெள்ளைக்காரர்கள் காலம். ஆட்டம் துரைமார்களுடையது. பை சுமந்தவர்களும் புல் வெட்டியவர்களும் துரைமார்கள் அல்ல. அவர்களும் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை முதன்முதலாக ஓர் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் வென்றார். டில்லியைச் சேர்ந்த அந்த அலி ஷேர், கேடியாக இருந்து மேலே வந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சி.முனியப்பா நமது பெங்களூர்க்காரர். அவரும் பை சுமந்தவர்தான். எங்கள் தெருத் தம்பியின் வீட்டுச் சுவரில் முனியப்பாவின் படம் ஒன்று, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியது, காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தம்பி நன்றாக ஆடுவார். திங்கட்கிழமைகளில் அவர்கள் மைதானத்தில் கேடிகளை ஆட விடுகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கான தகுதிப் போட்டிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வயது முப்பத்தொன்று. இன்னும் இரண்டு மூன்று வருஷம் போனால் ஆசை ஆசையாகவே நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும்.

சீட்டுப் பணம்

ரூ.60 ஆயிரத்துக்கு அவர் போட்ட கணக்கு இது: சங்கத்தில் கடன் 35 ஆயிரம். மீதி 25 ஆயிரத்துக்கு, மனைவி மாதாமாதம் கட்டி வரும் சீட்டைத் தள்ளி எடுப்பது.

அன்று மாலையே அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவியிடம் பேசுவதுபோல என் காதில் விழப் பேசினாள்.

"அக்கா, அவரு ஆசைப்படறதை நான் தடுக்கலே. ராத்திரியெல்லாம் அதையே பேசறாரு. ஆனா அந்தச் சீட்டு, பாப்பாவை ஜூன்லே ஸ்கூல்லே சேர்க்கறதுக்குன்னு கட்டினது. அது மட்டும் வேணாம்னு அண்ணாவைச் சொல்லச் சொல்லுங்க."

முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட குமாஸ்தாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்றாலும் இந்தத் தம்பியை மறுத்து அனுப்ப மனம் வரவில்லை. "கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்குப் பத்து நாள் தவணை கொடு. அந்த மட்டை ரூ.60 ஆயிரம் பெறுமா என்று நானே விசாரிக்கிறேன்" என்றேன்.

"விசாரிக்க என்னண்ணா இருக்கு? ஒரு மெம்பர் தன்னோட புது டிரைவரைக் கொடுத்து அடிச்சுப் பாருன்னாரு. ரெண்டு அடி அடிச்சேன். என் பழைய மட்டையை விட இருபது கெஜம் முன்னாடி போய் விழுந்துச்சு. கண்ணாலே பார்த்தேன்" என்றார்.

பந்து யாருடையது?

முதலில் நான் போனது, மட்டைகளுக்குப் பிடி மாற்றுவது, தண்டு மாற்றுவது என்று பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம். வேலூர்க்காரர். நாற்பது வருஷமாக இதே வேலை. தம்பியையும் உடன் அழைத்துச் சென்றேன்.

இருபது கெஜக் கதையைக் கேட்டதும் பெரியவர் சிரித்தார். "பந்து யாருது?" என்று கேட்டார்.

"அதுவும் அவருதுதான். புதுப் பந்து."

"உன் மட்டையாலே நீ எந்தப் பந்தை அடிக்கறே?"

தம்பி பேசவில்லை. கேடிகள் அடிப்பது பெரும்பாலும் மைதானத்துக் குளத்தில் விழுந்து, பிறகு தேடி எடுத்த பந்து. எத்தனை நாள் ஊறியதோ யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட பந்தைப் புதுப் பந்தோடு ஒப்பிட்டால் தராசே தப்பு. அதோடு இரண்டே அடி. அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதும் நினைவில்லை.

பெரியவர் அடுத்துச் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. டிரைவர் எவ்வளவு துள்ளலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறதாம்!

ஒரு காலத்தில் டிரைவரின் தலை மரத்தால் ஆனது. அமெரிக்காவில் பெர்சிமன் என்ற மரத்தைக் கடைந்து செய்தார்கள். 1979-ல் டெய்லர்மேட் கம்பெனி உலோகத் தலை போட்டு விற்க ஆரம்பித்தது. 1991-ல் காலவே கம்பெனி பிக் பெர்த்தா என்று 190 கன சென்டிமீட்டர் தலையோடு ஒரு மட்டையைக் கொண்டுவந்தது. 1995-ல் டைட்டானியம் உலோகத்தில் 250 கன சென்டிமீட்டர் வந்தது. டைட்டானியம் எடை குறைவு, உறுதி அதிகம். எனவே தலையைப் பெரிதாக்கி, முகத்தை மெல்லிய தகடாக்க முடிந்தது. பந்து படும்போது அந்தத் தகடு சிறிது உள்ளே போய், திரும்ப வந்து பந்தைத் தள்ளிவிடும். மரத்துக்கு இந்தத் துள்ளல் கிடையாது. அந்த வருஷங்களில் புது மட்டை வாங்கியவர்களுக்கு நிஜமாகவே பந்து தூரம் போயிற்று.

இப்படியே விட்டால் மைதானம் போதாது என்று ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் இரண்டு அமைப்புகள், அமெரிக்காவில் யு.எஸ்.ஜி.ஏ., பிரிட்டனில் ஆர் அண்டு ஏ, கடிவாளம் போட்டன. 2004-ல் தலையின் அளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்றார்கள். துள்ளலுக்கும் அளவு வைத்தார்கள். ஒரு சிறு ஊசல் குண்டை மட்டையின் முகத்தில் மோதவிட்டு, அது எத்தனை நேரம் ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறார்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் 239 கூறு. அளவுப் பிழைக்கு 18 சேர்த்து 257. அதற்கு மேல் போனால் அந்த மட்டை செல்லாது. 2008 முதல் இந்தத் துள்ளல் வரம்பு எல்லா நாட்டிலும் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருந்துகிறது.

"பெரிய கம்பெனிங்க எல்லாம் எப்பவோ அந்த வரம்பைத் தொட்டாச்சு. அதுக்கு மேலே போக முடியாது. வருஷா வருஷம் புது மாடல், புது கலர், இத்தனை கெஜம் அதிகம்னு விளம்பரம். நீயே கூட்டிப் பாரேன். வருஷத்துக்குப் பத்து கெஜம்னா இத்தனை நாளிலே பந்து ஓசூர்லே போய் விழணும்" என்றார் பெரியவர்.

பத்தாயிரம் என்ற எண்

அப்படியானால் புது மட்டையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பந்து மட்டை முகத்தின் நட்ட நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால், தலை கையில் திருகிக்கொள்ளும். பந்து பக்கவாட்டில் ஓடும், தூரமும் குறையும். தலையின் எடையை ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளி வைத்தால் இந்தத் திருகல் குறைகிறது. ராட்டினச் சக்கரத்தின் விளிம்பு கனமாக இருந்தால் எளிதில் ஆடாது அல்லவா, அதே சங்கதி. இதற்கும் 5,900 என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2024-ல் வந்த சில மாடல்களில் '10கே', அதாவது பத்தாயிரம் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். 5,900 தான் சட்டம் என்றால் பத்தாயிரம் எப்படி வந்தது? இடவலத் திருகலுக்கு ஓர் எண், மேல்கீழ்த் திருகலுக்கு ஓர் எண். வரம்பு முதல் எண்ணுக்குத்தான். கம்பெனிக்காரர்கள் இரண்டையும் கூட்டிப் போட்டுவிட்டார்கள்! எங்கள் ஆபீசில் இப்படிக் கூட்டியிருந்தால் ஆடிட்டர் சிவப்பு மை போட்டிருப்பார்.

எண் எப்படியோ போகட்டும், பலன் உண்மை. ஓரத்தில் படுகிற அடிகள் முன்பு மாதிரிக் கெட்டுப் போவதில்லை. நடுவில் அடிக்கத் தெரிந்தவருக்கு லாபம் கொஞ்சம், தெரியாதவருக்கு லாபம் அதிகம். தம்பி முதல் ரகம்.

"பழசாயிட்டா முகம் செத்துப் போயிடும்னு சொல்றாங்களே?" என்று தம்பி கேட்டார்.

அது தலைகீழ். ஆயிரக்கணக்கில் அடி வாங்க வாங்க அந்தத் தகடு மெலிந்து, துள்ளல் கொஞ்சம் கூடிவிடுவது உண்டு. 2019 பிரிட்டிஷ் ஓப்பனில் சாண்டர் ஷாபிலி என்ற பெரிய ஆட்டக்காரரின் டிரைவர் சோதனையில் தேறவில்லை. 2025 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கல்ராய், ஸ்காட்டி ஷெப்லர் இருவரின் டிரைவர்களும் அப்படியே வரம்பைத் தாண்டியிருந்தன. ஷெப்லர் மாற்று மட்டையை எடுத்து ஆடினார். பட்டத்தையும் வென்றார். ஒரு நாள் முகத்தில் கீறல் விடும், தகரம் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். அன்றுதான் அந்த மட்டைக்கு முடிவு.

தம்பியின் மட்டையைப் பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மெம்பர் இனாமாகக் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்து மாடல். தலை 460 தான். கீறல் இல்லை. பிடி மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இதோட சாய்வு ஒன்பது டிகிரி. உனக்கு எதுக்கு ஒன்பது?" என்றார்.

"சாய்வு குறைஞ்சாத்தானே அண்ணா, பந்து தூரம் போகும்? பெரிய பிளேயருங்க எல்லாம் ஒன்பதுதான் வைச்சிருக்காங்க."

பெரியவர் பதில் சொல்லவில்லை. பயிற்சி மைதானம் ஒன்றில் பந்தின் வேகத்தை அளக்கும் யந்திரம் இருக்கிறது, ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்றார்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியது

மறு சனிக்கிழமை மூவரும் போனோம். அந்த மெம்பர் பெருந்தன்மையாகத் தன் புது மட்டையைக் கொடுத்தனுப்பினார். ஒரே மாதிரியான புதுப் பந்துகள். ஒரு மட்டைக்குப் பத்து அடி, பிறகு அடுத்த மட்டைக்குப் பத்து அடி. நான் நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல அடியை மட்டும் எழுதி மோசமானதை விட்டுவிடக் கூடாது என்பது என் நிபந்தனை. தம்பி இரண்டு முறை "அதை விட்டுடுங்கண்ணா" என்றார். விடவில்லை.

பழைய மட்டையில் பந்து பறந்த தூரம் சராசரி 248 கெஜம். புது மட்டையில் 256. தம்பி முகம் மலர்ந்தது. இருபது கெஜம் எட்டாக இறங்கியிருந்தாலும் எட்டு எட்டுதானே! ரூ.60 ஆயிரத்தை எட்டால் வகுத்தேன். கெஜம் ஒன்றுக்கு ரூ.7,500.

பெரியவர் யந்திரத்தின் திரையைக் காட்டினார். பழைய மட்டையில் பந்து கிளம்பும் கோணம் மிகத் தாழ்வு. தம்பி மட்டை வீசும் வேகத்துக்குப் பந்து இன்னும் உயரக் கிளம்ப வேண்டும். தாழ்வாகக் கிளம்பிய பந்து, வேகம் மிச்சம் இருக்கும்போதே தரையைத் தொட்டுவிடுகிறது. புது மட்டையின் சாய்வு பத்தரை டிகிரி. அவர் கண்ணால் பார்த்த வித்தியாசத்தில் பெரும் பகுதி புதுமையால் வந்ததல்ல, அந்த ஒன்றரை டிகிரியால் வந்தது.

2009 வாக்கிலிருந்து பல மாடல்களில் தலையும் தண்டும் சேருமிடத்தில் ஒரு திருகாணி உண்டு. அதைக் கழற்றித் தண்டைத் திருப்பி மாட்டினால் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். தம்பியின் மட்டையிலும் அது இருந்தது. இத்தனை வருஷம் தொடவில்லை. பெரியவர் பையிலிருந்து சாவியை எடுத்து ஒன்றரை டிகிரி கூட்டி மாட்டினார். பந்து வைக்கும் குச்சியையும் அரை அங்குலம் உயர்த்தச் சொன்னார்.

முதல் நாலு பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. சாய்வைக் கூட்டினால் மட்டை முகம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பும், அது தெரிந்த விஷயம்தான் என்று பெரியவர் நிற்கும் நிலையைச் சிறிது மாற்றிக் கொடுத்தார். பிறகு பத்து அடி. சராசரி 255.

நான் மறுபடி வகுத்தேன். இப்போது கெஜம் ஒன்றுக்கு ரூ.60 ஆயிரம்.

தம்பி என் நோட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. ஒரு பொருளை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் பிடுங்கிவிட்டேன்.

"அப்போ தூரம் போதாததுக்கு நான்தான் காரணமா அண்ணா?" என்றார்.

பெரியவர் முந்திக்கொண்டார். "255 கெஜம் அடிக்கறவனுக்கு என்னடா குறை? நூறு கெஜத்துக்கு உள்ளே நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாதா? பந்தைக் குழியிலே தள்ளப் பழகு."

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். புது மட்டையின் பத்து அடிகளில் ஒன்றுதான் வெகுவாக விலகிப் போயிற்று. பழையதில் மூன்று. போட்டியில் அந்த இரண்டு அடி பெரிய விஷயம். தம்பி இதை எடுத்துச் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. அதற்குப் பெரியவர் வழி சொன்னார். மூன்று நாலு வருஷத்துக்கு முந்தைய மாடலும் ஏறக்குறைய இதே அளவு மன்னிக்கும். அது செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: முகத்தில் கீறல், தலையைக் காதருகே ஆட்டினால் உள்ளே ஏதும் உருளும் சத்தம், தண்டு நம் வேகத்துக்கு ஒத்துவருகிறதா என்பது. தண்டில் 'ஆர்', 'எஸ்' என்று விறைப்பைக் குறித்திருப்பார்கள். ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் ஆர் மாதிரி இருக்கும், இதற்குப் பொது அளவு கிடையாது. எனவே எழுத்தை நம்பாமல் அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். மிக மலிவாக யாராவது கொடுத்தால் போலியாக இருக்கலாம். விதிப்படி செல்லும் டிரைவர் தலைகளின் பட்டியலை அந்த இரண்டு அமைப்புகளும் வெளியிடுகின்றன. அதில் மாடல் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம்.

யார் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றும் பெரியவரைக் கேட்டேன். 460 வருவதற்கு முந்தைய சின்னத் தலை மட்டையை இன்னும் வைத்திருப்பவர்கள், முகம் கீறியவர்கள், தன் உயரத்துக்கும் வேகத்துக்கும் சற்றும் ஒவ்வாத மட்டையை இனாமாகப் பெற்று அதோடு மல்லுக்கட்டுபவர்கள். மற்றவர்கள் ஒரு மணி நேர வாடகை கொடுத்து அளந்து பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு. சென்னையில் அடிப்பதைவிட இங்கே பந்து மூன்று நாலு சதம் கூடப் போகும். லீவில் ஊருக்குப் போய் அடித்துப் பார்த்துவிட்டு மட்டை கெட்டுவிட்டது என்று வந்து நிற்பவர்கள் உண்டாம்.

வரும் வழியில் தம்பி பெரியவர் கடையிலேயே பிடியை மட்டும் மாற்றிக்கொண்டார். சில நூறு ரூபாய்தான். நான் கொடுக்கிறேன் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

சீட்டை அவர் மனைவி இந்த மாதமும் கட்டிவிட்டாள். தகுதிப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கட்டணத்தை மட்டும் தம்பி தனியாகச் சேர்த்து வருகிறார். செகண்ட் ஹேண்ட் மட்டை ஒன்று பெரியவரிடம் வந்திருக்கிறது, தண்டு கொஞ்சம் விறைப்பு, அடுத்த திங்கட்கிழமை அடித்துப் பார்க்கப் போகிறார்கள். நோட்டுப் புத்தகத்தோடு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ். அரை நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.